கொக்கென்று நினைத்தாயோ?

கேள்வி: என் பாட்டிக்கு விழுப்புரம் பக்கத்துக் கிராமம். வாயைத் திறந்தால் பழமொழிதான். ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்று அவர் அடிக்கடி சொல்வது கிரேக்க நாட்டு ஈசாப் கதையில் வருகிறது என்று மகளின் புத்தகத்தில் படித்தேன். அப்படியானால் நம் பழமொழிகள் எல்லாமே கதைகளிலிருந்து வந்தவையா, ஐயா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: எல்லாமே இல்லை, அம்மா. பாட்டி சொன்னது மட்டும் சந்தேகமில்லாமல் ஈசாப் கதையில் எட்டாத திராட்சையைப் பார்த்து நரி சொன்னதுதான். 19ஆம் நூற்றாண்டில் அச்சான பள்ளிக்கூடப் புத்தகங்கள் வழியே அது தமிழ் வீடுகளுக்குள் வந்தது. திராட்சைக் கொடியைப் பார்க்காதவர்கள்கூட அந்தக் கடைசிப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மற்றவற்றில், கதையை எடுத்துவிட்டால் பழமொழி தனியே நிற்கிறதா என்று பாருங்கள். ‘காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது போல’ என்பது நிற்கும். விக்கிரவாண்டிப் பக்கம் பனையடியில் நின்றவருக்கு அதற்குக் கதையே வேண்டாம். ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ நிற்காது. எச்சமிட்ட கொக்கைப் பார்வையாலேயே எரித்த கொங்கணவர் என்ற முனிவர், வள்ளுவர் வீட்டு வாசலில் பிச்சைக்கு நிற்கிறார். கணவருக்குப் பரிமாறிவிட்டுத் தாமதமாக வந்த வாசுகியை முறைக்கிறார். அந்த அம்மாள் அசராமல் கேட்ட கேள்விதான் அது. காட்டில் நடந்தது வீட்டுக்குள் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது என்று முனிவர் திகைக்கிறார் பாருங்கள், கதையின் உயிரே அங்கேதான். மகாபாரதத்தில் இதே சம்பவம் கௌசிகன் என்ற அந்தணனுக்கு நடக்கிறது.

கதையிலிருந்து பழமொழி பிறப்பது கிரேக்கர்களிடம் தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டால் வசந்தம் வந்ததாகிவிடாது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதுகிறார். கதை எதுவும் சொல்லவில்லை. முதல் குருவியைக் கண்டதும் போர்வையை விற்றுவிட்டுக் குளிரில் நடுங்கிய இளைஞனின் கதை, பின்னால் வந்த பாப்ரியஸின் தொகுப்பில் இருக்கிறது. பழமொழியே தனக்கொரு கதையைத் தேடிக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தமிழில் பழமொழிகளுக்கென்றே ஒரு நூல் உண்டு. முன்றுறை அரையனார் என்ற சமணப் புலவரின் ‘பழமொழி நானூறு’. பாட்டுக்கு ஒரு பழமொழி. இளம் சோழன் ஒருவன் நரைமுடி அணிந்து கிழவன்போல் வந்து தீர்ப்புச் சொன்ன கதையை, குலவித்தை கற்காமலே பாதி வந்துவிடும் என்ற பழமொழியோடு சேர்த்துவிட்டார். சீவகசிந்தாமணி பாடிய திருத்தக்கதேவரும் சமணரே. ஒரு நரிக் கதையை வைத்து ‘நரிவிருத்தம்’ பாடினார். பள்ளிகளில் பழமொழிக்குப் பொருள் மட்டும் எழுதச் சொல்வது எனக்கு வருத்தம். கதையையும் சொல்ல வைக்க வேண்டும்.

பாட்டி சொன்னவற்றில் மிருகமோ ஆள் பெயரோ வருகிறவற்றை முதலில் எழுதி வையுங்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் போய் ‘இதுக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்காதீர்கள். ‘இதை யாரு யார்கிட்ட சொன்னது’ என்று கேளுங்கள்.