வால்வும் செவியும்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியைக் கற்றோர், காந்தருவதத்தையார் இலம்பகத்தில் வரும் யாழ்ப்போட்டியை மறவார். தன்முன் வைக்கப்பட்ட யாழ்களைச் சீவகன் வாளா விலக்கினானல்லன். மரத்தில் இன்ன குற்றம், நரம்பில் இன்ன குற்றம் என்று அவையோர் அறியக் காட்டிய பின்னரே விலக்கினான். ஒலியைப் பற்றிப் பேசுவோர் காரணத்தையுங் காட்டல் வேண்டும் என்னும் நெறி இதனாற் பெறப்படும். இந்நெறியை இக்காலத்து வழக்கம் ஒன்றன்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹெட்போன் வழியே இசை கேட்போருள் ஒரு சாரார், வால்வு அமைந்த ஆம்பிளிபயரை விரும்புகின்றனர். அதிலுள்ள வால்வைக் கழற்றி, வேறு இனத்ததோ வேறு கம்பெனியினதோ ஆகிய வால்வைப் பொருத்தி, ஒலியை மாற்ற முயல்கின்றனர். ‘டியூப் ரோலிங்’ என்பது இதற்கு அவர்கள் இட்ட பெயர். பழைய வால்வு ஒன்றற்கு ஆம்பிளிபயரின் விலையினும் மிகுதியாகக் கொடுப்பாரும் உளர். விடுதிச் செலவுக்குத் தந்தையார் அனுப்பும் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் மாணவர்க்கு இஃது எளிய செய்தியன்று. ஆதலின், வால்வை மாற்றினால் மெய்யாக மாறுவது யாது, மாறியதாகத் தோன்றுவது யாது என்று பிரித்தறிதல் நம் கடமையாகும்.

வால்வின் வரலாறு

1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளெமிங் என்பார் இரண்டு உறுப்புடைய வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் என்பார் அதனுள் மூன்றாம் உறுப்பொன்றைச் சேர்த்தார். ஒலியைப் பெருக்கும் ஆற்றல் இம்மூன்றாம் உறுப்பினால் வந்ததே. 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பு தோன்றியதும், 1938-இல் சென்னை வானொலி நிலையம் திறக்கப்பெற்றதும் வால்வின் துணையாலேயாம். 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. இன்றும் இசையன்பர் மிகுதியாக வாங்கும் 12 ஏஎக்ஸ் 7 என்னும் வால்வை அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி வெளியிட்டதும் அதே ஆண்டில் என்பது வியப்பன்றோ! நம் நாட்டில் 1954-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961-இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கிற்று. பின்னர் டிரான்சிஸ்டர் வீடுதோறும் புகவே, வானொலியினின்று வால்வு நீங்கியது. எனினும் கிட்டார் ஆம்பிளிபயர்களிலும் இசையன்பர் கருவிகளிலும் அது நிலைத்தது. சுலோவாக்கியா, ருஷியா, சீனா ஆகிய நாடுகளினின்று புதிய வால்வுகள் இன்றும் வருகின்றன.

தொழிற்படும் முறை

காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் கத்தோடு, கிரிட், ஆனோடு என மூன்று உறுப்புக்கள் உள்ளன. சூடேறிய கத்தோடு எலெக்ட்ரான்களை வெளிவிடும். ஆனோடு அவற்றை ஈர்க்கும். இடையிலுள்ள கிரிட்டில் தோன்றும் சிறிய மின்னசைவு, அவ்வோட்டத்தைப் பெரிய அளவில் ஏற்றியும் இறக்கியும் வைக்கும். காவேரிப்பாக்கத்து ஏரியின் மதகை ஒருவன் சிறிது உயர்த்துகின்றான். அச்சிறு செயலால் வாய்க்காலிற் பெருநீர் பாய்கின்றது. கிரிட்டின் தொழிலும் அத்தகையதே.

ஐரோப்பிய வால்வுகளின் பெயர்க்கும் ஓர் இலக்கணம் உண்டு. ‘ஈசிசி 83’ என்பதில் ‘ஈ’ சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்பதையும், ‘சி’ இருமுறை வருதல் ஒரே குமிழுக்குள் மூவுறுப்பு வால்வுகள் இரண்டு இருத்தலையும் குறிக்கும். 12 ஏஎக்ஸ் 7-க்கு ஐரோப்பியர் இட்ட பெயரே ஈசிசி 83. இதன் பெருக்க எண் 100. ஈசிசி 81-இன் பெருக்க எண் ஏறத்தாழ 60. ஈசிசி 82-க்கு அது 20-க்கு உட்பட்டது. ஈசிசி 88-க்கு 33.

இந்நான்கும் ஒன்பது பின் உடைய ஒரே வகைச் சாக்கெட்டிற் பொருந்தும். ஆயினும் பொருந்துவனவெல்லாம் ஒத்தன அல்ல. முதல் மூன்றிலும் ஒன்பதாம் பின் சூட்டிழையின் நடுவினின்று வருவது. ஈசிசி 88-இலோ அது உள்ளிருக்கும் மறைப்புத் தகட்டைச் சேர்ந்தது. 12.6 வோல்ட்டில் இழையைச் சூடேற்றும் சாக்கெட்டில் ஈசிசி 88-ஐச் செருகினால், அதன் இழைக்கு இரட்டிப்பு மின்னழுத்தம் சென்று கெடும். மேலும், ஈசிசி 83-இன் ஆனோடு 300 வோல்ட் வரை தாங்க, ஈசிசி 88-இன் ஆனோடு 130 வோல்ட்டையே தாங்கும். எனவே, ஆம்பிளிபயர் செய்தோர் இன்ன இன்ன வால்வுகள் ஆகும் என்று எழுதியிருப்பதைக் காணாமல் எதனையும் மாற்றலாகாது.

மாறுவன யாவை

முதலாவது, ஒலியின் அளவு. ஈசிசி 82 இருந்த இடத்தில் ஈசிசி 83-ஐ வைத்தால் பெருக்கம் மிகும். சில கருவிகளில் இரைச்சலும் உடன் மிகும்.

இரண்டாவது, ஒலியின் திரிபு. எந்த வால்வும் தான் பெற்றதை அப்படியே தருவதில்லை. ஒரு சுரம் உள்ளே சென்றால், அதன் இருமடங்கு அதிர்வுடைய மேற்ஸ்தாயிச் சுரமும் சிறிது கலந்து வெளிவரும். அது மூலச் சுரத்தோடு இயைந்தே ஒலிப்பதால் செவிக்கு வெறுப்பாவதில்லை. வால்வின் ஒலியில் ‘வெதுவெதுப்பு’ உண்டென்பார் கூற்றுக்கு இஃதொரு காரணம். வால்வின் இனத்திற்கும் அதன் தேய்வுக்கும் ஏற்ப இக்கலப்பு மாறுபடும்.

மூன்றாவது, அதிர்வு உணர்ச்சி. சில வால்வுகளைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் ஹெட்போனில் மணியொலி போல எழும். அத்தகையது ஹெட்போன் கருவிக்கு ஆகாது.

இனி, ஒரே இனத்து வால்வை மற்றொரு கம்பெனி வால்வால் மாற்றினால் வருவது யாது? இரண்டும் தேயாமல் உரிய அளவில் நின்றால், வேறுபாடு பெரும்பாலும் சிறிதே. அன்றியும், 1927-இல் ஹரால்டு பிளாக் என்பார் கண்ட எதிர்ப்பின்னூட்டம் பல கருவிகளில் உண்டு. வெளிவரும் ஒலியின் ஒரு பங்கை மீண்டும் உள்ளே செலுத்திப் பிழையைக் குறைப்பது அது. அது மிகுதியாக உள்ள கருவியில் வால்வின் தனித்தன்மை அடங்கிப்போகும். விலை குறைந்த பல கருவிகளில் வால்வு முன்வாயிலில் மட்டும் நிற்க, ஹெட்போனை இயக்கும் வேலையை டிரான்சிஸ்டரே செய்கின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

செவியைச் சோதித்தல்

நம் செவிக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு ஒலிகளுள் சிறிதே உரத்ததை அது ‘உரத்தது’ என்று அறியாமல் ‘சிறந்தது’ என்று கொள்ளும். வால்வை மாற்றினால் ஒலியளவு மாறும் என்று மேலே கண்டோம். ஆகவே புதிய வால்வைப் புகழ்ந்தவர் பலர் அதன் உரப்பையே புகழ்ந்திருத்தல் கூடும். அன்றியும், ஒரு வால்வைக் கழற்றி அது குளிர்ந்து மற்றொன்று சூடேறுவதற்குள் சில நிமிடங்கள் கழியும். ஒலியின் நுண்ணிய நினைவு அத்துணை நேரம் நில்லாது.

இதற்கு வழி உண்டு. 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும்போதே வெளிவரும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்க. வால்வை மாற்றியபின், நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டிற்குள் அதே அளவு வருமாறு வால்யூமைத் திருத்துக. பின்னர் ஒரே பாட்டை இரு வால்விலும் கணினியிற் பதிவு செய்து, எது எதுவென்று சொல்லாமல் நண்பர் ஒருவர் பத்து முறை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்க. பத்தில் ஐந்து சரியாவது காசு சுண்டினாலும் வரும். ஒன்பதோ பத்தோ சரியாயின் அது வெறும் ஊகத்தால் நேர்வது நூற்றில் ஒரு முறையளவே. அப்பொழுது ‘வேறுபாடு உண்டு’ என்று நெஞ்சறியக் கூறலாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியினர்க்கு இம்முறை புதிதன்று. ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோலுக்கும் குரோமில் பதனிட்ட தோலுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கும் கைக்கும் தெற்றெனத் தெரியும். ஆயினும் தரம் பிரிப்போர் ‘இன்னார் டேனரித் தோல்’ என்னும் பெயர் கேட்டு முடிவு செய்யார். வெளிச்சத்தில் விரித்து, வெட்டும் வடுவும் நோக்கி, தடிப்பை அளந்த பின்னரே தரம் கூறுவர். தோலுக்குக் காட்டும் இவ்விழிப்பை வால்வுக்கும் காட்டுதல் தகும். பழைய பெயரை அழித்துப் புகழ்பெற்ற பெயரை அச்சிட்டு விற்கும் வால்வுகளும் சந்தையில் உலவுதலின், இவ்விழிப்பு பணத்தையும் காக்கும்.

காவல்

வால்வுக் கருவிகள் பலவற்றுள் நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சர்களில் அது தங்கும். ஆதலின் பெட்டியைத் திறவற்க. மின்தொடர்பை நீக்கி, வால்வு நன்கு ஆறியபின், கண்ணாடியை அடிப்பக்கத்திற் பற்றி நேராக எடுக்க. புதியதைச் செருகுமுன் பின்கள் வளையாமல் இருத்தலை நோக்குக. உள்ளே வெள்ளிபோல் மின்னும் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்க. அவ்வால்வு பயன்படாது.

மாணவ அன்பர்களே! இருளிற் செந்நிறமாய் ஒளிரும் வால்வின் அழகைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. அதனைக் கண்ணின் மகிழ்ச்சி என்றே கூறுவோம்; செவியின்மேல் ஏற்றாதிருப்போம். சோதனையில் வேறுபாடு தெரிந்தால், தமக்கு இனியதை மனமார வாங்குக. தெரியாவிடின், கையிலுள்ள வால்வே போதும். மிஞ்சிய பணத்திற்கு ஒரு நல்ல கச்சேரிக்குச் சென்று, இடையில் எக்கருவியும் இன்றி இசை கேட்க. நாம் கேட்டதை மட்டுமே கேட்டதாகச் சொல்லும் வாய்மை, இசையறிவுக்கும் கல்விக்கும் ஒருங்கே அடிப்படையாகும்.