தண்டவாளத்தின் இடைவெளி எங்கே போனது?

மாணவர்களே, பழைய இரயில் பயணங்களில் ‘தடக் தடக்’ ஓசை கேட்கும். தண்டவாளத் துண்டுகளுக்கு இடையில் விடப்பட்ட இடைவெளியைச் சக்கரம் கடக்கும் ஓசை அது. வெயிலில் எஃகு விரிவடைய அந்த இடம் தேவைப்பட்டது. 1 கிலோமீட்டர் தண்டவாளத்தின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது சுமார் 36 சென்டிமீட்டர் நீளும்!

இன்று பல நாடுகளில் தண்டவாளங்களை இடைவெளியின்றிப் பற்றவைக்கிறார்கள். அப்படியானால் அவை எப்படி விரிவடையும்? கான்கிரீட் குறுக்குக் கட்டைகளும் அவற்றைச் சூழ்ந்த சரளைக் கற்களும் அவற்றை நீளவிடாமல் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் எஃகுக்குள் அழுத்தம் கூடுகிறது. பிடி தளர்ந்தால் தண்டவாளம் பக்கவாட்டில் வளையும். இரயில் தடம் புரளலாம். 2022 ஜூலையில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியபோது, பிரிட்டனில் இரயில்களின் வேகம் குறைக்கப்பட்டது இதனால்தான்.

அடுத்த முறை நிலையத்தில் நிற்கும்போது அந்தக் கற்களைக் கவனியுங்கள். உங்கள் பாதுகாப்பில் அவற்றுக்கும் பங்குண்டு.