பாப்புவாவில் இல்லாத பாப்புவா

அன்புள்ள யாழினிக்கு,

மாமா எழுதுகிறேன். ஜென்டூ பெங்குவினின் அறிவியல் பெயர் ‘பைகோசெலிஸ் பாப்புவா’ என்கிறார்களே, பாப்புவா இருக்கும் நியூ கினித் தீவில் பெங்குவினே கிடையாதே என்று கேட்டிருந்தாய். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய்.

பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1776இல் நியூ கினிப் பயணம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பெங்குவின்கள் அங்கே வாழ்வதாக அதில் படத்தோடு எழுதினார். ஆனால் நியூ கினியில் அவர் கால் வைக்கவே இல்லை. பக்கத்துத் தீவுகளோடு திரும்பிவிட்டார். 1781இல் யோஹான் ரைன்ஹோல்ட் ஃபோர்ஸ்டர் இந்தப் பறவைக்குப் பெயர் வைத்தபோது அந்த நூலை நம்பி ‘அப்டெனொடைடிஸ் பாப்புவா’ என்றார். கேப்டன் குக்கோடு தென்கடல் வரை போய் வந்தவர் ஃபோர்ஸ்டர். அவரே நம்பிவிட்டாரே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பிழை தெரிந்த பிறகும் ஏன் மாற்றவில்லை? விலங்குகளுக்குப் பெயரிடுவதில் முறைப்படி முதலில் வந்த பெயருக்கே உரிமை. ஊர் தவறாக இருக்கிறது என்பதற்காக அதை நீக்க முடியாது. ஆளாளுக்குத் திருத்தினால் ஒரே பறவைக்குப் பத்துப் பெயர் வந்துவிடும். இத்தனை வருடத்து நூல்களில் எது எதைச் சொல்கிறது என்றே தெரியாமல் போகும். ஆகவே இந்த விதி நியாயமானது என்பேன்.

பெயரின் முதல் சொல்லான பேரினப் பெயர் அப்படியல்ல. உறவுமுறை பற்றிய அறிவு வளர்ந்தால் அது மாறும். பேரரசப் பெங்குவினின் பேரினமான அப்டெனொடைடிஸிலிருந்து ஜென்டூவைப் பிரித்து, அடேலி, தாடைப்பட்டைப் பெங்குவின்களோடு பைகோசெலிஸில் சேர்த்தார்கள். அதனால்தான் பெயருக்குப் பின்னால் ‘(ஃபோர்ஸ்டர், 1781)’ என்று அடைப்புக்குறி போடுகிறார்கள். பெயர் வைத்தவர் சேர்த்த பேரினத்தில் அது இப்போது இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

விடுமுறைக்கு மலேசியாவின் கூலாய்க்கு வந்தபோது செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் காட்டுச்சேவல் பார்த்தாயே, அது ‘காலஸ் காலஸ் (லின்னேயஸ், 1758)’. லின்னேயஸ் அதை ஃபெசன்ட்டுகளோடு சேர்த்திருந்தார், அதனால் அடைப்புக்குறி. தமிழ்நாட்டு மலைக்காடுகளில் இருக்கும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியோ ‘காலஸ் சொன்னெராட்டி டெம்மின்க், 1813’. வைத்த இடத்திலேயே இருப்பதால் குறி இல்லை. பெயரைக் கவனித்தாயா? அதே சொன்னெராதான்! புதுச்சேரியில் பல ஆண்டு வாழ்ந்தவர் அவர். வீட்டுக்கோழிக்கு மூதாதை இந்தச் சாம்பல்நிறக் கோழிதான் என்று நினைத்தார். முதன்மை மூதாதை நீ பார்த்த செங்காட்டுக்கோழி. ஆனாலும் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல்நிறக் கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். மனிதர் அவ்வளவு தூரம் தவறிவிடவில்லை.

மீண்டும் ஜென்டூவுக்கு வருகிறேன். 2020இல் ஓர் ஆய்வுக்குழு மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, ஜென்டூ ஒரு சிற்றினமல்ல, நான்கு என்றது. எல்லாரும் இன்னும் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டாலும் ஃபாக்லாந்துத் தீவுகளின் ஜென்டூவுக்குப் பாப்புவா என்ற பெயர்தான் நிற்கும்.

அன்புடன்,
மாமா
கூலாய்