புயல் எங்கே என்பதோடு, நகர்கிறதா என்றும் பாருங்கள்

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கி.மீ. வரை வீசியது. 2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சலில் அது 70, 80தான். ஆனாலும் புதுச்சேரியில் நம் வீட்டுக்குள் வெள்ளத்தை விட்டது ஃபெஞ்சல். கரையைக் கடந்தும் பல மணி நேரம் நகராமல் நின்று, ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழையைக் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணா நகர்ப் பக்கம் மக்களை மீட்க ராணுவம் இறங்க வேண்டியிருந்தது.

ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை அறிக்கையைப் பார்க்கும்போது, புயலின் பெயரையும் கரையைக் கடக்கும் இடத்தையும் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். "கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்தது" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடுங்கள். அந்த எண் அறிக்கைக்கு அறிக்கை குறைந்துகொண்டே வந்தால், காற்று சுமாராக இருந்தாலும் மழைக்குத் தயாராகுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று கொள்ளுங்கள். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண் கப்பலுக்கும் படகுக்கும் உரியது. உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை அது சொல்லாது.

முதல் வேலை தண்ணீர். கரண்ட் இருக்கும்போதே மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். குடிநீரைக் குடத்தில் தனியாகப் பிடித்து வையுங்கள். வெள்ளம் சம்ப்புக்குள் இறங்கிவிட்டால் அந்தத் தண்ணீர் எதற்கும் உதவாது.

அடுத்தது உயரம். தரைத்தள வீடு என்றால் அரிசி, கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் மேலே போகட்டும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பைக்கை மேடான தெருவில் விடுங்கள், மரத்தடி வேண்டாம். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதுமே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கால் நனைந்த பிறகு அதன் பக்கமே போகக் கூடாது.

பெரிய வாய்க்கால், உப்பனாறு வாய்க்கால் ஓரம் குடியிருப்பவர்கள் இருட்டும் முன்பே கிளம்பிவிடுவது நல்லது. நள்ளிரவில் இடுப்பளவு தண்ணீரில் பெரியவர்களைத் தூக்கிக்கொண்டு நடப்பது எத்தனை ஆபத்து! வாய்க்கால் எது, சாலை எது என்று அப்போது தெரியாது.

காற்று திடீரென அடங்கினால் வெளியே வராதீர்கள். அது புயலின் மையம் கடக்கும் நேரமாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும்.

உதவிக்கு 1070, 1077. போன் சார்ஜ் தீர்ந்துபோகும், ஆகவே முக்கியமான எண்களைத் தாளில் எழுதி வையுங்கள்.

பாகூர்ப் பக்கத்து மக்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபெஞ்சல் மழை ஓய்ந்த பிறகுதான் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி உங்கள் ஊர்களுக்குள் வந்தது. வானம் வெளுத்துவிட்டது என்று கட்டிய மூட்டையை உடனே பிரிக்காதீர்கள். அணைத் தண்ணீர் பற்றிய அறிவிப்பை இன்னும் இரண்டு நாள் கேளுங்கள்.