உடலசைவும் குழு உணர்வும்



விளையாட்டு என்றவுடன் வேகமாக ஓடுகிறவளும் உடல் வலிமை மிக்கவளுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். அவ்வாறு வலிமை மிக்க ஏழு பேரைத் தேடிப் பிடித்து நிறுத்திவிட்டால் அது சிறந்த கபடிக் குழுவாகிவிடுமா? ஆகாது என்பதை ஒவ்வோர் ஆண்டும் மைதானத்தில் காண்கிறோம். உடல் எவ்வாறு அசைகிறது, அந்த அசைவு தோழியரின் அசைவோடு எவ்வாறு இணைகிறது என்னும் இரண்டுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் நமக்கு நன்கு தெரிந்த ஆட்டங்களைக் கொண்டே ஆராய்வோம்.

நிற்கும் நிலை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் சடுகுடு தெரியாத ஊர் இல்லை. பெண்கள் கபடியின் ஆடுகளம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது. பாடிச் செல்பவளுக்கு 30 விநாடிகளே உண்டு. அதற்குள் எதிரணியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும்.

நிமிர்ந்து நிற்கும்போது நம் உடலின் எடை மையம் ஏறத்தாழ தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தோள் அகலத்துக்குச் சற்று அதிகமாக விரித்து நின்றால் அந்த மையம் தாழ்கிறது; உடலைத் தாங்கும் அடித்தளம் அகல்கிறது. அப்படி நிற்பவளைத் தள்ளிச் சாய்ப்பது கடினம். மடங்கிய முழங்கால், இழுத்துவிட்ட வில்லைப் போலப் பாய்வதற்கும் ஆயத்தமாக இருக்கிறது. நாம் தரையைப் பின்னோக்கி உதைக்கிறோம். தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. அறிவியல் வகுப்பில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. ஆனால் பாதங்களை அளவுக்கு மீறி விரித்துவிட்டால் அடுத்த அடியை எடுத்து வைக்கத் தாமதமாகும்.

பாடி வருபவள் கையாலும் கண்ணாலும் ஏமாற்றலாம். இடுப்பால் ஏமாற்றுவது அரிது. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, உடல் அந்தப் பக்கமே போக வேண்டும். ஆகவே தேர்ந்த தடுப்பாட்டக்காரி எதிரியின் முகத்தைவிட இடுப்பையே கூர்ந்து கவனிக்கிறாள்.

சங்கிலியின் பொருள்

தடுக்கும் அணியினர் கைகோத்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அன்று. தோழி எந்தத் திசையில் நகரப் போகிறாள் என்பதைத் திரும்பிப் பாராமலே கை உணர்த்திவிடுகிறது. ஓரத்தில் நிற்பவள் கணுக்காலைப் பிடித்தால், அடுத்தவள் உடனே வந்து வழியை அடைக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் பாடி வந்தவளின் விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிடும். அப்போது பிடித்தவள் மட்டுமல்ல, அவளைத் தொட்ட அத்தனை பேரும் ஆட்டமிழப்பார்கள்.

இங்கே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. உதவப் போனால் நானும் ஆட்டமிழப்பேனோ என்று ஒருத்தி தயங்கினால், பிடித்தவள் தனித்துப் போகிறாள். அணி தோற்பது பெரும்பாலும் இந்தத் தயக்கத்தினால்தான்.

ஊர் கூடி இழுத்தாலும்

கயிறு இழுக்கும் போட்டியைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. பிரான்சு நாட்டு வேளாண் பொறியியலாளர் ரிங்கெல்மன் என்பவர், ஆட்கள் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுப்பதை அளந்து 1913-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைத்தது அவர்களது தனி வலிமையில் ஏறத்தாழப் பாதியே!

காரணங்கள் இரண்டு. ஒன்று, எல்லாரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை. தேர் இழுக்கும்போது ஒரே குரல் எழுப்புவது இதற்காகவே. மற்றொன்று, ‘இத்தனை பேர் இருக்கிறார்களே’ என்று மனம் நம்மை அறியாமலே தளர்ந்துவிடுகிறது. பின்னாளில் வந்த உளவியல் ஆய்வாளர்கள் இதற்கு மருந்தும் கண்டார்கள். ஒவ்வொருவரின் உழைப்பும் தனித்தனியே கவனிக்கப்படுகிறது என்று தெரிந்தால் இந்தத் தளர்ச்சி பெரிதும் நீங்குகிறது. ஆகவே கோல் போட்டவளை மட்டும் பாராட்டாமல், பந்தைத் தடுத்துக் கொடுத்தவளையும் பெயர் சொல்லிப் பாராட்டுவது வெறும் நாகரிகம் அன்று. அது பயிற்சியின் ஒரு பகுதி.

நான்கு கைகளும் ஒரு தடியும்

2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் ஜப்பான் 37.60 விநாடிகளில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றது. அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை அதிகாரபூர்வக் கணக்கில் 100 மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடியவர் அல்லர். தடியைக் கீழிருந்து கொடுக்கும் முறையை அவர்கள் இடைவிடாது பழகியிருந்தார்கள். அதே பந்தயத்தில் அமெரிக்க அணி, தடியை உரிய எல்லைக்குள் மாற்றத் தவறியதால் தகுதி இழந்தது.

தடி வாங்குபவர் பின்னால் பார்ப்பதில்லை. தோழர் குறித்த அடையாளத்தைக் கடந்ததும் இவர் ஓடத் தொடங்கிவிட வேண்டும். கையைப் பின்னே நீட்டினால் தடி வந்து சேரும் என்று நம்ப வேண்டும். இந்த நம்பிக்கை நூற்றுக்கணக்கான முறை பழகியதனால் வருவது.

தோல்விக்குப் பின்

ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி 2010-இல் குவாங்சோவில் சேர்க்கப்பட்டது. அங்கும், 2014-இல் இஞ்சியோனிலும் இந்தியப் பெண்களே தங்கம் வென்றனர். 2018-இல் ஜகார்த்தாவில் ஈரான் 27–24 என நம்மை வென்றது. அந்த ஈரான் அணிக்குப் பயிற்சி அளித்தவர் நம் நாட்டின் சைலஜா ஜெயின்! ஆட்டம் நம்முடையது என்பதால் வெற்றியும் நமக்கே என்று எழுதி வைத்திருக்கவில்லை. பின்னர் 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த போட்டியில், முதல் ஆட்டத்தில் சீன தைபே அணியுடன் 34–34 என்று சமநிலை கண்ட நம் பெண்கள், இறுதியில் அதே அணியை 26–25 என ஒரே ஒரு புள்ளியில் வென்று தங்கத்தை மீட்டனர்.

நம் மண்ணுக்கும் இத்தகைய பெருமை உண்டு. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்று, 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்திய அணிக்கு ஆடினார். பாகிஸ்தானுக்கு எதிராக முதல் கால்பகுதியிலேயே கோல் போட்டார். அடுத்த சுற்றுக்குச் செல்ல, இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டிய நிலை வந்தது. அணி 16–0 என்று வென்றது. அந்தப் பதினாறு கோல்களைப் பலர் பகிர்ந்து போட்டார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடமாவது மெல்லோட்டமும் உடலைச் சூடேற்றும் பயிற்சிகளும் செய்யுங்கள்.

2. குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி மெதுவாக இறங்குங்கள். முழங்கால் உட்புறம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கட்டும். இளம்பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். முறையான பயிற்சி அதைக் கணிசமாகக் குறைக்கிறது.

3. களத்தில் வாய்விட்டுப் பேசுங்கள். “நான் வருகிறேன்”, “உன் இடப்பக்கம்” என்ற இரண்டு சொற்கள் ஒரு புள்ளியைக் காப்பாற்றும்.

4. தோழி தவறும்போது அவள் காதில் விழும் முதல் சொல் ஏளனமாக இருக்க வேண்டாம். ஏளனத்துக்கு அஞ்சுபவள் அடுத்த முறை பிடிக்கவே போகமாட்டாள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெண் பெரியவளாகிவிட்டாள் என்று எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே அவளை மைதானத்திலிருந்து அழைத்துக்கொள்ளாதீர்கள். மாதவிடாய் நாட்களிலும் உடல்நிலை இடங்கொடுத்தால் விளையாடலாம். கீரை, பயறு, கடலை, முட்டை போன்றவற்றை அவள் தட்டில் தவறாமல் வையுங்கள். விழுந்து எழுவதற்கும், மற்றவரை நம்புவதற்கும், தன்னை நம்பி ஓடி வருபவளைக் கைவிடாதிருப்பதற்கும் அவள் பழகும் வயது இதுவே.

மாணவியரே, அடுத்த விளையாட்டு விழாவில் வென்ற அணியின் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பிடித்தவளுக்குத் துணையாக முதலில் பாய்ந்தவள் யார் என்று பாருங்கள். அந்த இடத்தில் அடுத்த முறை நீங்கள் நிற்கக்கூடும்.