சினமும் சிகிச்சையும்

சினத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் மனம் லேசாகிவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. ஆய்வுகள் இதனை ஏற்கவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 154 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த தொகுப்பாய்வு ஒன்று 2024-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆழ்ந்து மூச்சுவிடுதல், தசைகளைத் தளர்த்துதல், தியானம் போன்று உடலின் கிளர்ச்சியைத் தணிக்கும் பயிற்சிகளே சினத்தைக் குறைத்தன என அது கண்டது. கிளர்ச்சியைக் கூட்டும் செயல்களால் பொதுவாகப் பயன் விளையவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ, சினத்துக்கான சிகிச்சை முறை ஒன்றை 1975-இல் நூலாக வெளியிட்டார். உடற்கிளர்ச்சி, நிகழ்ச்சிக்கு நாம் கற்பிக்கும் பொருள், நடத்தை ஆகிய மூன்றும் பின்னியதே சினம் என்பது அவர் கருத்து. எனவே தன் சினத்தை அறிதல், தணிக்கும் திறன்களைப் பயிலுதல், அவற்றைக் கையாண்டு பழகுதல் என அவரது சிகிச்சை படிப்படியாகச் செல்கிறது.

இதனை நான் ஏட்டளவில் மட்டும் அறிந்தவனல்லன். ஒருநாள் காலை, அறிக்கை தாமதமானதற்காக மேலதிகாரியின் கண்டனத்தை வாய்திறவாமல் கேட்டுக்கொண்டேன். அன்று பிற்பகல், ஓய்வூதிய மனுவுடன் மூன்றாம் முறையாக வந்த மூதாட்டி ஒருவரிடம் உரக்கக் கத்தினேன். அவரது கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகப் பதிந்தது எங்கள் அலுவலகமே என்பது பின்னர்தான் தெரிந்தது. உளவியல் ஆலோசகர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, “காலையில் ஏன் கத்தவில்லை?” என்பதாகும். அடக்க இயலாதது என்று நான் எண்ணியிருந்த சினம், ஆளறிந்தே வெளிப்பட்டிருந்தது!

சினம் எழுந்த நேரம், எதிரில் இருந்தவர், அக்கணத்தில் தோன்றிய எண்ணம், உடலில் கண்ட மாற்றம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவரச் சொன்னார். பெரும்பாலான பதிவுகளில் எதிரில் இருந்தவர் என்னினும் எளியவர். எண்ணமோ, ‘என்னை மதிக்கவில்லை’ என்பது. ‘படிவம் அவருக்குப் புரியவில்லை’ என்று அதே காட்சியை வேறுவிதமாகப் படிக்கப் பழகுவதே சிகிச்சையின் கடினமான பகுதி. ஆலோசகரே மனுதாரராக நடித்து, வரவர எரிச்சலூட்டும் வகையில் பேசி என்னைப் பழக்கினார். முதலில் நகைப்பாகத்தான் இருந்தது, ஆனால் பயன்பட்டது.

அநீதி கண்டு எழும் சினத்தைத் துடைத்தெறிவது சிகிச்சையின் நோக்கமன்று. மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்ட மனுதாரரின் சினத்துக்கு மருந்து, கோப்பு நகர்வதேயாகும். மனச்சோர்வோ மதுப்பழக்கமோ சினத்துடன் சேர்ந்திருப்பின், அவற்றுக்கும் தனியே சிகிச்சை தேவை.

தேசிய மனநலத் திட்டம் 1982-லும், அதன் மாவட்டத் திட்டம் 1996-லும் தொடங்கப்பெற்றன. மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.