கோல்டிங்கில் குடிபூரலா?

டென்மார்க்கின் கோல்டிங்கில் நம்மவர் ஒருவர் வீடு வாங்கிக் குடிபூந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் உப்பு வரும். நம் ஆட்கள் உப்பு, மஞ்சள், அரிசியோடு முதலில் உள்ளே போவார்கள். பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் ரொட்டியும் உப்புமாக வாசலில் நிற்பார். ரொட்டி பசி வராதிருக்க, உப்பு வாழ்க்கை சப்பென்று போகாதிருக்க. எண்ணம் ஒன்றுதான், தடுமாற்றமெல்லாம் கொடுத்து வாங்கும் முறையில்.

செய்ய வேண்டியவை

• குடிபூருவது நீங்களென்றால் வாசலில் ஒரு தாம்பாளம் வையுங்கள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் நம் பெரியவர்கள். அது அறியாத அயலவர் பொட்டலத்தை நேரே நீட்டுவார். கையைப் பின்னுக்கு இழுத்தால் அவர் முகம் வாடிவிடும். தட்டை நீட்டினால் மரியாதை என்றே நினைப்பார். அவர் வீட்டுக்கு நீங்கள் போகும்போது லேசோ தீவு உப்பும் ஒரு ரை ரொட்டியும் போதும். மத்திய காலத்திலேயே உப்புக் காய்ச்சிய தீவு அது.

• அயலவர் தந்த பரிசை அவர் முன்னாலேயே பிரியுங்கள். நமக்கு அது பறக்காவெட்டித்தனம்; அவர்களுக்கோ பிரிக்காமல் ஓரமாக வைப்பதுதான் அலட்சியம். கடைச் சீட்டு ஒட்டியிருந்தால் கோபிக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளத்தான் அது.

• செம்போ குடமோ கொடுத்தால் வெறுமையாகக் கொடுக்காமல் உள்ளே ஒரு பிடி அரிசி போடுங்கள்.

• மொய் 501 குரோனாகவே இருக்கட்டும். ஒரு குரோன் காசின் நடுவில் துளை இருக்கிறதே, ஓட்டைக் காசு வைக்கலாமா என்று கேட்கும் பெரியம்மாக்கள் உண்டு. 2, 5 குரோன் காசுகளிலும் துளைதான். என்னைக் கேட்டால், தாராளமாக வைக்கலாம். மனம் ஒப்பாதவர்களுக்கு மொபைல்பே செயலி இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• அலுமாரியில் பொத்திவைத்த 1000 குரோன் தாளை உறையில் வைத்துவிடாதீர்கள். 2025 மே 31க்குப் பிறகு அது செல்லாது.

• கத்தி, கத்தரிக்கோல் வேண்டாம். ஐரோப்பியரும் உறவை வெட்டும் என்றே அஞ்சுவார்கள். யாராவது தந்துவிட்டால் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்து, விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வார்கள்.

• மங்கலப் பொருள் என்று ஊரிலிருந்து மாவிலை, வெற்றிலை, நெய் கட்டிக்கொண்டு பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பயணப்பையில் பால் பொருட்களுக்கு அனுமதியே இல்லை. சான்றிதழ் கேட்காத பழங்கள் ஐந்துதான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான். தட்டில் பாதி தப்பிவிடும்!

• ஊர்க் கலண்டரின் ராகுகாலத்தைப் பார்த்துப் பரிசோடு தெருவில் காத்து நிற்காதீர்கள். பகலை எட்டாகப் பிரித்த ஒரு பங்கு அது. டிசம்பரில் கோல்டிங்கின் பகல் 7 மணித்தியாலம்தான். ஒரு பங்கு ஒரு மணித்தியாலம்கூட வராது. ஜூனில் அதுவே இரண்டைத் தாண்டும்.